ஒரு பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

ஜெர்மனியில் சட்டத்துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறவர் முதலில் நாடவேண்டிய இடம் பல்கலைக்கழக அலுவலகமன்று. தம்முடைய கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டு, இதை நான் மேற்பார்க்கச் சம்மதிக்கிறேன் என்று கையொப்பமிட்டுத் தரக்கூடிய ஒரு பேராசிரியர். அந்தச் சம்மதக் கடிதம் கையில் இருந்தால்தான் சட்ட பீடம் அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்பதைப் பற்றி ஆலோசிக்கும். உபகாரச் சம்பளம் வழங்கும் ஸ்தாபனமும் அதையே முதலில் கேட்கும். பொதுவாக நுழைவுத் தேர்வு கிடையாது. தரவரிசைப் பட்டியல் கிடையாது. பெரும்பாலும் கடைசித் தேதி என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்கு எழுதும் கடிதத்தில் தொடங்குகிற இந்த முறை, படிவங்களைப் பூர்த்தி செய்து வரிசையில் நின்றே பழகிய நம்மவர்க்கு விசித்திரமாகவும் சற்றே அச்சமூட்டுவதாகவும் தோன்றுவதில் வியப்பில்லை.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில், கேமரன் மலையின் நடுவே இருக்கும் தானா ராத்தாவை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த இந்த மேட்டு நிலம், 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தேயிலையால் பெயர் பெற்றது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தும் மூட்டை சுமந்தும் லயங்களில் குடியிருந்தும் தலைமுறைகளைக் கழித்தவர்கள் தமிழர்கள். இன்று கொழுந்துக் கூடை பெரும்பாலும் வங்காள தேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் முதுகில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில் சட்டம் படிக்க ஆசைப்பட்டவர்கள் பலர் என்பதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. தோட்டத்து மனிதனுக்கு அரசாங்கம் என்பது எப்போதும் ஒரு காகித வடிவில்தான் எதிர்ப்பட்டது: பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை மனு, நிலத்துக்கான அனுமதிச் சீட்டு. காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் பிழைத்தான்; தெரியாதவன் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் தயவை நாடினான்.

ஆயினும் சட்டம் படிப்பது வேறு, சட்டத்தை ஆராய்வது வேறு. மலாயாத் தமிழர் சட்டப் படிப்பு என்றால் லண்டனைப் பார்த்துப் பழகியவர்கள். லிங்கன்ஸ் இன்னில் விருந்துண்டு பாரிஸ்டராகி வந்த தாத்தாக்களின் படங்கள் இன்னும் சில வக்கீல் அலுவலகங்களில் தொங்குகின்றன. ஆங்கிலேய நீதிமுறையில் ஊறிய இந்நாட்டுக்கு, சட்டத்தொகுப்புகளின் மீது கட்டப்பட்ட ஜெர்மானிய நீதிமுறையோடு என்ன சம்பந்தம் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காசியிலும் சென்னையிலும் ஈப்போவிலும் சிதறிக் கிடக்கிறது.

1965 பிப்ரவரியில், ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிலையத்தில் சட்டப் பிரிவுக்குத் தலைமை வகித்தவரான டீட்ரிக் கொன்ராட் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர், காசி இந்து சர்வகலாசாலையின் சட்ட பீடத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு, எழுத்தில் சொல்லப்படாத வரம்புகள் உண்டா என்பது பொருள். அவர் சித்தாந்தமாகப் பேசி நிறுத்தவில்லை. கேட்போர் நிமிர்ந்து உட்காரும்படியான கேள்விகளை அடுக்கினார். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆம் ஷரத்தை ஒரு திருத்தத்தால் எடுத்துவிடலாமா? பெரும்பான்மை குறைந்துவரும் ஆளும் கட்சி, இனித் திருத்தும் அதிகாரம் பிரதம மந்திரியின் யோசனைப்படி ஜனாதிபதியிடமே இருக்கும் என்று ஒரு திருத்தம் செய்துகொள்ளலாமா? அரசியல் சட்டத்தையே நீக்கி மொகலாய பாதுஷாவின் ஆட்சியை மறுபடி ஏற்படுத்தலாமா? முதல் ஷரத்தைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் ஹிந்துஸ்தானம் என்றும் இரண்டாகப் பிரித்துவிடலாமா?

கடைசிக் கேள்வி காசியில் எழுந்த மாதத்தை நாம் மறக்கக் கூடாது. அந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் சென்னை ராஜ்யம் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியால் பற்றியெரிந்தது; பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் பதினாறாவது திருத்தம் 1963-லேயே வந்துவிட்டது; ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி ஏற்படுவதற்கோ 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஜெர்மானியர் பத்திரிகைகளைக் கூர்ந்து வாசித்தவர் என்றே நான் ஊகிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த அறிஞர் ஒருவர், உள்ளூர் வித்வான்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய உதாரணத்தை, காசி சர்வகலாசாலையின் மேடையில் அமைதியாக எடுத்துவைத்தார். ஆராய்ச்சிக்கு வேண்டிய துணிச்சல் எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு சம்பவம் தெரியாது.

அச்சொற்பொழிவின் பொருளை ஒட்டி எழுதிய கட்டுரை, அபிப்பிராயம் கேட்கும் பொருட்டுச் சென்னையில் இருந்த பேராசிரியர் டி. எஸ். ராமராவுக்கு வந்தது. அதன் பின் அது எம். கே. நம்பியாரின் கவனத்துக்கு எட்டியது. மங்களூரிலும் சென்னையிலும் தொழில் நடத்தி, 1950-ல் ஏ. கே. கோபாலனுக்காகச் சென்னை அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய அதே நம்பியார்தாம், அடிப்படை உரிமைகளைத் திருத்தலாமா என்ற கேள்வி எழுந்த கோலக்நாத் வழக்கில் கொன்ராடின் வாதத்தை நீதிபதிகள் முன் வைத்தார். 1967 பிப்ரவரி 27-ஆம் தேதி வந்த தீர்ப்பு வேறு காரணத்தின் மீது நின்றது. கொன்ராடின் வாதத்துக்கு வலிமை உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டது. விட்டது வீணாகவில்லை. பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்த கேசவானந்த பாரதி வழக்கில், 1973 ஏப்ரல் 24 அன்று, ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையில், பாராளுமன்றம் எதைத் திருத்தினாலும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்ற கோட்பாடு நிலைபெற்றது; நீதிபதி எச். ஆர். கன்னா தம் தீர்ப்பில் கொன்ராடின் பெயரைச் சொல்லியே மேற்கோள் காட்டினார்.

கொன்ராட் இதைக் கற்பனையில் கண்டெடுக்கவில்லை. 1933 மார்ச்சில் ஜெர்மன் பாராளுமன்றம், வைமார் அரசியல் சட்டம் வகுத்த திருத்த முறையின் வெளிவேஷத்தைக் காப்பாற்றிக்கொண்டே, ஹிட்லரின் மந்திரிசபைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் முழுவதையும் தாரை வார்த்துக் கொடுத்தது. அந்த அனுபவத்தால் சுட்டுக்கொண்டவர்கள் 1949 மே 23-ல் பிரகடனமான, அடிப்படைச் சட்டம் என்று அவர்கள் அழைக்கும் புதிய அரசியல் சட்டத்தில் 79-ஆம் ஷரத்தின் மூன்றாம் உட்பிரிவை எழுதினார்கள்: மனித கண்ணியம், ஜனநாயகம், கூட்டாட்சி ஆகியவற்றின் ஆதாரங்களை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த இயலாது. ஜெர்மானியர் பட்ட காயத்திலிருந்து பிறந்த யோசனை காசி வழியாகச் சென்னை சென்று, டெல்லியில் சட்டமாயிற்று.

மலேசியாவில் அது நுழைந்த கதை இன்னும் முடியவில்லை. 1977-ல் லோ கூய் சூன் வழக்கில் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா இந்தக் கோட்பாட்டை ஏற்க மறுத்தார். அதை அடுத்து வந்த பாங் சின் ஹோக் வழக்கில் தலைமை நீதிபதி சுபியான், இந்திய அரசியல் சட்டம் இந்தியர்களின் நிர்ணய சபை எழுதியது, நம்முடையது பிறந்த விதம் வேறு என்று பிரித்துக் காட்டினார். நம் அரசியல் சட்டத்தை வரைந்த ரீட் கமிஷனின் ஐந்து உறுப்பினர்களில் மலாயாக்காரர் ஒருவருமில்லை என்பதை நினைத்தால் அவர் சொன்னதில் பொருளில்லாமல் இல்லை. 1988-ல் 121-ஆம் ஷரத்து திருத்தப்பட்டு, நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருப்பதாகச் சொன்ன வாசகம் மறைந்தது. ஷரியா நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் சிவில் நீதிமன்றங்கள் தலையிடா என்ற புதிய உட்பிரிவும் சேர்ந்தது. 2010-ல் சிவராசா ராசையா வழக்கில், மனுதாரர் தோற்றபோதிலும், நீதிபதி கோபால் ஸ்ரீராம் அடிப்படைக் கட்டமைப்பு என்ற விதையைத் தீர்ப்பில் ஊன்றிச் சென்றார். 2017-ல் நில எடுப்புப் பற்றிய செமினி ஜெயா வழக்கிலும், 2018 ஜனவரி 29-ல் இந்திரா காந்தி முத்தோ வழக்கிலும் நீதிபதி ஜைனுன் அலி அதை விருட்சமாக்கினார்.

இந்திரா காந்தி ஈப்போக்காரர். பாலர் பள்ளி ஆசிரியை. தானா ராத்தாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் இரண்டு மணி நேரப் பயணத்தில் அவருடைய ஊர் வந்துவிடும். 2009-ல் கணவர் மதம் மாறி, தாயைக் கேளாமலே மூன்று குழந்தைகளையும் மதம் மாற்றிப் பதிவு செய்து, பால்குடி மறவாத கடைசிக் குழந்தையைக் கொண்டு சென்றார். கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாக அந்த மதமாற்றப் பத்திரங்களை ரத்து செய்தபோது, நீதிமன்றத்தின் மறுபரிசீலனை அதிகாரத்தைத் திருத்தத்தாலும் பறிக்க முடியாது என்று கூறினார்கள். தீர்ப்பு வந்து ஆண்டுகள் கடந்தும் அந்தத் தாய் தன் கடைசி மகளைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோட்பாடு வென்ற இடத்தில் அமலாக்கம் தோற்றது. 2021-ல் மரியா சின் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் கோட்பாட்டையே மீண்டும் சந்தேகித்தார்கள். இலங்கையிலோ 1987-ல், பதின்மூன்றாவது திருத்தத்தின் பரிசீலனையில், தமிழரான பிரதம நீதியரசர் சர்வானந்தா அதை ஏற்க மறுத்திருந்தார். வங்காள தேசம் 1989-ல் ஏற்றுக்கொண்டது.

ஆகவே கேமரன் மலையில் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்த ஒரு பெண் ஜெர்மனிக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் கை நீட்டி யாசிக்கிறவள் அல்லள். அந்தப் பேராசிரியருடைய நாட்டுச் சிந்தனை ஒன்று தன் ஊருக்குப் பக்கத்தில் வந்து என்ன ஆயிற்று என்ற செய்தி அவளிடம் இருக்கிறது. அவர் புத்தக அலமாரியில் அது பெரும்பாலும் இராது.

இதைச் சொல்லிவிட்டு, கடினமான பகுதிக்கு வருகிறேன். ஜெர்மானிய மாணவர்களுக்கே சட்டத்தில் டாக்டர் பட்டத்துக்கான வாசல் குறுகலானது. முதல் அரசுத் தேர்வில் பதினெட்டுப் புள்ளிகள் கொண்ட அளவுகோலில் ஒன்பதைத் தொட்டவர்களையே பல பீடங்கள் நேராக ஏற்கின்றன. அங்கே ஒன்பது என்பது பெருமைக்குரிய மதிப்பெண். அயல்நாட்டுப் பட்டதாரியிடம் அதற்கு ஈடான தகுதியை எதிர்பார்க்கும்போது, தன் நாட்டுப் பட்டத்தில் உயர்ந்த தரத்தையும், பல இடங்களில் ஜெர்மனியிலேயே அயல்நாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்கென நடத்தப்படும் ஓராண்டு எல்.எல்.எம். பட்டத்தையும் கேட்கிறார்கள். விதிகள் பீடத்துக்குப் பீடம் மாறுபடும். ஒவ்வொரு பீடமும் தன் டாக்டர் பட்ட ஒழுங்குவிதிகளைப் பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது; அதை ஷரத்து ஷரத்தாகப் படிக்காமல் கடிதம் எழுதுகிற சட்டப் பட்டதாரியைப் பற்றி அந்தப் பேராசிரியர் என்ன நினைப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதப் பல பீடங்கள் அனுமதிக்கின்றன. அதனால் ஜெர்மன் வேண்டாம் என்று எண்ணுவது பிரமை. ஜெர்மானிய நீதிமன்றத் தீர்ப்புகளையும், ஷரத்துவாரியாக எழுதிய பெரும் உரைநூல்களையும் மூலத்தில் வாசிக்காதவர் ஒப்பியல் ஆய்வு செய்கிறேன் என்றால் பாதியை மட்டும் ஒப்பிடுகிறார். கோலாலம்பூரில் கோதே நிலையம் இருக்கிறது. சட்டப் பட்டம் முடிந்ததும் அதில் கழிக்கும் ஒன்றிரண்டு ஆண்டுகள், பிற்பாடு ஹைடெல்பெர்க்கிலோ பிரைபுர்க்கிலோ கழிக்கும் தவிப்பான ஆண்டுகளைக் குறைக்கும்.

இனி, கடிதத்தோடு செல்லும் ஆய்வுத் திட்டம். எக்ஸ்போசே என்று அவர்கள் அழைக்கும் இது ஐந்து முதல் பத்துப் பக்கம் வரை இருக்கலாம்: கேள்வி என்ன, இதுவரை யார் என்ன சொன்னார்கள், எது மீதி இருக்கிறது, எவ்வழியில் ஆராயப்போகிறோம், எத்தனை காலம். நம் மாணவர்கள் பெரும்பாலும் தவறுகிற இடம் முதல் வரியே. 'மலேசியாவில் மனித உரிமைகள்' என்று தலைப்பிட்டால் அது ஒரு நூலகத்தின் அலமாரிக்குப் பெயராகலாமேயன்றி ஆய்வுக்குக் கேள்வியாகாது. சொந்த ஊரைச் சற்று உற்றுப் பார்த்தாலே நல்ல கேள்விகள் அகப்படும். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பெரும்பகுதி நெடுங்காலம் தற்காலிக நில அனுபோக உரிமம் என்ற சீட்டின் மீது நின்றது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி அச்சீட்டு அந்தந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாகும். ஆண்டுதோறும் புதுப்பித்துப் புதுப்பித்துத் தகப்பன் பயிரிட்ட துண்டில் மகன் பயிரிட்டான். ஒரு நாள் இனி இல்லை என்று அதிகாரி சொன்னால், இத்தனை காலம் அவன் வைத்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? ஜெர்மனியின் நிர்வாக நடைமுறைச் சட்டம், 1976-ல் இயற்றியது, தன் 48, 49-ஆம் பிரிவுகளில் இதே போன்ற நிலைமையை நுணுக்கமாக ஆராய்கிறது: அரசு தந்த சலுகையை நம்பி ஒருவன் காரியங்கள் செய்துவிட்டால், எப்போது அதைத் திரும்பப் பெறலாம், எப்போது நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேய வழி வந்த நம் நீதிமன்றங்கள் அதே பிரச்சினையை நியாயமான எதிர்பார்ப்பு என்ற வேறு பாதையில் அணுகுகின்றன. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, தானா ராத்தாவின் உரிமச் சீட்டை நடுவில் வைத்து ஒரு கேள்வி கேட்டால், எந்த நிர்வாகச் சட்டப் பேராசிரியரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவார். டெல்லிப் பேராசிரியர் மகேந்திர பி. சிங் 1985-லேயே ஜெர்மானிய நிர்வாகச் சட்டத்தை ஆங்கிலேய மரபினர் பார்வையில் விளக்கி ஒரு நூல் எழுதியிருக்கிறார். தொடங்குவதற்கு அதுவே போதும்.

யாருக்கு எழுதுவது என்பதில் நம்மவர் இன்னொரு பிழை செய்கிறார்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்புவது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் கடைமாணாக்கருக்கு உவமை சொல்லும்போது ஆட்டையும் சேர்த்தார். ஒரு செடியில் நின்று வயிறாரத் தின்னாமல் செடிக்குச் செடி நுனி கடித்துப் போவது அதன் சுபாவம். நாற்பது கடிதம் எழுதுகிறவரும் அந்த இனமே. ஒரு பேராசிரியரின் இரண்டு மூன்று கட்டுரைகளையேனும் படித்து, அவற்றில் எந்த இடத்தில் தம் கேள்வி சென்று ஒட்டுகிறது என்று ஒரு பத்தியில் சொல்கிற கடிதம், கட்டுக் கட்டான நற்சான்றுகளைவிட அதிக தூரம் செல்லும். ஹைடெல்பெர்க்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிலையம் அயல்நாட்டுப் பொதுச் சட்டத்துக்கும் சர்வதேசச் சட்டத்துக்கும் உரியது, ஹாம்பர்க்கிலுள்ளது தனியார் சட்டத்துக்கு உரியது என்ற அளவுக்காவது தெரிந்துகொள்ளாமல் முகவரி எழுதுவது வீண்.

பேராசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் நாம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். 2011-ல் ஜெர்மனியின் பாதுகாப்பு மந்திரி கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க், பைராய்ட் பல்கலைக்கழகத்தில் பெற்ற சட்ட டாக்டர் பட்டத்தின் ஆய்வேடு பக்கம் பக்கமாகப் பிறர் எழுத்து என்று அம்பலமாகிப் பட்டத்தையும் பதவியையும் இழந்தார். அந்த ஆய்வை மேற்பார்த்தவர், உலகமெங்கும் மதிக்கப்பட்ட அரசியல் சட்ட அறிஞர் பீட்டர் ஹேபர்லே. மாணவன் செய்த களங்கம் குருவின் வாசல் வரை வந்தது. முகம் காணாத ஒருவருக்குச் சம்மதக் கடிதம் தருவதன் பொருள், மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தம் பெயரை அடகு வைப்பதுதான். அதனால் சிலர் முதலில் ஒரு கருத்தரங்கில் வந்து பேசச் சொல்கிறார்கள், சிலர் எல்.எல்.எம். முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்வது அவசரம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் பட்ட மாணவரிடம் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகை உண்டு. வாழ்க்கைச் செலவுக்கு, 1925-ல் ஹைடெல்பெர்க்கில் தோன்றிய டாட் என்ற கல்விப் பரிமாற்ற ஸ்தாபனம் உபகாரச் சம்பளம் தருகிறது. அதற்கு மேற்பார்வைச் சம்மதம் முன்னதாகவே வேண்டும். கடைசித் தேதி இல்லாத கடிதத்துக்குக் கடைசித் தேதி கொடுப்பது இந்த உபகாரச் சம்பளமே. விண்ணப்ப மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே பேராசிரியரோடு பேச்சைத் தொடங்கிவிடுவது உத்தமம்.

ஆய்வேடு முடிந்து, இரண்டு பேராசிரியர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொல்லித் தேறிய பின்னும், நூலாகவோ மின்வடிவிலோ வெளியிட்டால்தான் டாக்டர் என்ற பட்டத்தைப் பெயருக்கு முன் போட்டுக்கொள்ள முழு உரிமை வரும். அந்தப் பட்டம் மட்டும் மலேசியாவில் கறுப்பு அங்கி அணிந்து வாதாடத் தகுதி தராது. அதற்குரிய தேர்வும் பயிற்சியும் தனி. இவற்றைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.

கடிதம் போனதும் பெரும்பாலும் முதலில் வருவது மௌனம். பருவ இடைவேளையில் அவர் ஊரில் இல்லாதிருக்கலாம். தேர்வுத் தாள்களின் நடுவே இருக்கலாம். ஓய்வு பெறும் வயதை நெருங்கிப் புதிய மாணவர்களை ஏற்பதை நிறுத்தியிருக்கலாம். நான்கு வாரம் பொறுத்து, பணிவாக, இரண்டே வரியில் ஒரு நினைவூட்டல் எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அடுத்த பேராசிரியரின் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்க வேண்டியதுதான்.